ஜீட்டர் எட்டாத பந்துகள்

2001 அக்டோபர் 13. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரம். பேஸ்பால் பிளேஆஃப் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் குழு முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. இன்னும் ஒன்றில் தோற்றால் அவ்வாண்டுக்கான கதை முடிந்துவிடும். ஏழாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 1-0 என முன்னணியில் இருக்க, ஓக்லண்ட் ஆட்டக்காரர் ஒருவர் அடித்த பந்து திடலின் வலது மூலைக்கு உருண்டது. முதல் பேஸில் நின்ற ஜெரமி ஜியாம்பி, சமநிலை ஓட்டத்தை எடுக்கப் பாய்ந்து வந்தார். வெளித்திடலிலிருந்து வீசப்பட்ட பந்து, அதைப் பிடித்து மாற்றி வீச நின்ற இருவரின் தலைக்கும் மேலே பறந்துபோனது.

அப்போதுதான் டெரக் ஜீட்டர் அங்கு வந்தார். அவர் நிற்கவேண்டிய இடம் திடலின் மறுபக்கம். ஓடிவந்த வேகத்திலேயே பந்தை எடுத்து, புறங்கை வீச்சாகப் பக்கவாட்டில் கேட்ச்சரிடம் தட்டிவிட்டார். சறுக்காமல் நின்றபடியே ஓடிவந்த ஜியாம்பி அவுட். யாங்கீஸ் 1-0 என வென்றது. பிறகு அந்தத் தொடரையும் வென்றது.

இந்தக் காட்சியைப் பார்த்த எவரும் ஜீட்டர் மோசமான தடுப்பாளர் என்று சொல்லமாட்டார்கள். அவர் ஐந்து முறை, 2004, 2005, 2006, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில், தங்கக் கையுறை விருது பெற்றவர். அந்தந்த நிலையில் ஆடுவோரில் மிகச் சிறந்த தடுப்பாளருக்குத் தரப்படும் விருது அது. ஆனால் அதே ஆண்டுகளில் புள்ளியியல் வல்லுநர்கள் பலர் நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள்: பெரிய லீக்கில் அவருடைய நிலையில் ஆடுவோரில் தடுப்பாட்டத்தில் மிகவும் பின்தங்கியவர்களில் ஜீட்டரும் ஒருவர்.

ஒரே மனிதர், ஒரே ஆட்டங்கள், இரண்டு எதிரெதிர் முடிவுகள். யாரோ ஒருவர் தவறு செய்கிறார். யார்?

ஷார்ட்ஸ்டாப்பின் நான்கு விநாடி

பேஸ்பால் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். பள்ளியில் மென்பந்து ஆடியவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பந்தடிப்பவர் பந்தை அடித்ததும் முதல் பேஸை நோக்கி ஓடவேண்டும். தூரம் 90 அடி, அதாவது 27.4 மீட்டர். தரையில் உருண்டு வரும் பந்தைத் தடுப்பவர் எடுத்து, ஓடுபவர் சேருமுன் முதல் பேஸில் நிற்பவரிடம் வீசிவிட்டால் ஓடுபவர் அவுட். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையிலுள்ள அகலமான பகுதியைக் காப்பவர் ஷார்ட்ஸ்டாப். வலக்கையால் அடிப்பவர்கள் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் நிறையப் பந்துகள் வரும். ஜீட்டர் 1995 முதல் 2014 வரை 20 பருவங்கள் ஆடிய இடம் இதுதான்.

பெரிய லீக் ஆட்டக்காரர் ஒருவர் அடித்துவிட்டு முதல் பேஸை அடைய ஏறத்தாழ 4.3 விநாடி ஆகும். அந்த நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். வேகமாக அடிக்கப்பட்ட பந்து ஷார்ட்ஸ்டாப்பின் கோட்டை அடைய 1.5 விநாடி. எடுத்து, காலை நிலைநிறுத்தி, கையை விட ஒரு விநாடி. 37 மீட்டர் தொலைவிலுள்ள முதல் பேஸுக்குப் பந்து பறக்க 1.2 விநாடி. மொத்தம் 3.7. மிச்சம் இருப்பது அரை விநாடிக்குச் சற்று மேல். இவை நான் எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். பந்துக்குப் பந்து மாறும். ஆனால் அளவு எவ்வளவு இறுக்கமானது என்பது புரியும்.

இனி முக்கியமான கணக்கு. பந்து நேராகக் கைக்கு வராமல் பக்கவாட்டில் வந்தால்? அந்த 1.5 விநாடியில் முதல் 0.3 விநாடி, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கண்டு உடல் அசையவே போய்விடும். மிச்சம் 1.2 விநாடி. நின்ற நிலையிலிருந்து ஓடுபவரின் முடுக்கம் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரம் = ½ × முடுக்கம் × நேரம்². படிவம் நான்கில் படித்த அதே சமன்பாடு. ½ × 5 × 1.2² = 3.6 மீட்டர்.

இன்னொருவர் 0.1 விநாடி தாமதமாக அசைகிறார். அவருக்குக் கிடைப்பது 1.1 விநாடி. ½ × 5 × 1.1² = 3.03 மீட்டர். வேறுபாடு அரை மீட்டருக்கும் மேல்! கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான தாமதம், பக்கத்துக்கு அரை மீட்டர் திடலைத் தின்றுவிடுகிறது. பார்வையாளருக்குத் தெரிவதோ, இருவரும் பந்தைத் துரத்தினார்கள் என்பது மட்டும்தான்.

பிழையைத் தேடி ஏமாந்தவர்கள்

தடுப்பாட்டத்தை அளக்க நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பட்ட அளவு ஒன்று உண்டு. தடுப்பாளர் சரியாக முடித்த பந்துகளின் எண்ணிக்கையை, அவர் முடித்தவையும் பிழை செய்தவையும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பார்கள். தடுப்பு விழுக்காடு என்று அழைப்போம். 2010இல் ஜீட்டர் ஆண்டு முழுவதும் செய்த பிழைகள் ஆறுதான். விழுக்காடு 98.9. அவருடைய வாழ்நாளில் அதுவே மிக உயர்ந்தது. விருதும் கிடைத்தது. பிறகென்ன குறை?

இந்தப் பின்னத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. நீங்களே கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தொடருங்கள்.

இரண்டு ஷார்ட்ஸ்டாப்புகளைக் கற்பனை செய்வோம். இருவர் பக்கமும் ஆண்டுக்கு 500 பந்துகள் உருண்டு வருகின்றன. முதலாமவர் 450 பந்துகளை எட்டிப் பிடித்து, அதில் 20இல் பிழை செய்கிறார், 430 அவுட். விழுக்காடு 95.6. இரண்டாமவர் 410 பந்துகளை மட்டுமே எட்டுகிறார், ஆனால் பிழை எட்டுதான், 402 அவுட். விழுக்காடு 98.0. பட்டியலில் இரண்டாமவர்தான் மேலே இருப்பார். ஆனால் குழுவுக்கு 28 அவுட் கூடுதலாகத் தந்தவர் முதலாமவர்.

எட்டாத பந்து பின்னத்தின் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அது நடக்கவே நடக்காத ஒன்றாகிவிடுகிறது. ஏட்டில் பந்தடித்தவரின் திறமை என்று பதிவாகும். போதாக்குறைக்கு, எது பிழை எது பிழையில்லை என்று முடிவுசெய்பவரும் ஒரு மனிதர்தான். பந்தின் அருகிலேயே போகாதவர்மீது அவர் பிழை சுமத்துவதில்லை.

இந்த ஓட்டை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பேஸ்பால் கணக்கேட்டின் தந்தை எனப்படும் ஹென்ரி சாட்விக், 19ஆம் நூற்றாண்டிலேயே பிழைகளை எண்ணுவதைவிட முடித்த பந்துகளை எண்ணுவதே மேல் என்று வாதிட்டார். 1970களில் பில் ஜேம்ஸ் அதே எண்ணத்தைக் கையிலெடுத்து, ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் எத்தனை அவுட்டில் பங்கெடுக்கிறார் என்று கணக்கிட்டார். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதிலும் சிக்கல். பந்து வீசுபவர்கள் எதிராளிகளை அடிக்கவே விடாத குழுவில், தடுப்பாளருக்கு வேலை குறையும். இடக்கையால் வீசுபவர்கள் நிறைந்த குழுவில், எதிரணி வலக்கை அடிப்பவர்களை இறக்கும். ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்து கூடும். வாய்ப்பு எத்தனை என்று தெரியாமல் வெற்றியை மட்டும் எண்ணினால், நெரிசலான கடையின் காசாளரைத்தான் சுறுசுறுப்பானவர் என்று சொல்லுவோம்.

ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விலை

2000களில் ஜான் டீவன் என்பவரின் நிறுவனம் பொறுமைசாலிகள் சிலரை வேலைக்கு அமர்த்தியது. லீக்கின் எல்லா ஆட்டங்களின் காணொளியையும் பார்த்து, அடிக்கப்பட்ட ஒவ்வொரு பந்தும் எந்தத் திசையில், எந்த வேகத்தில், எந்த வகையில் போனது என்று குறிக்கவேண்டும். ஆண்டுக்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகள். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உண்மையான நாயகர்கள் இப்படி உட்கார்ந்து குறித்தவர்கள்தான்.

தரவு கையில் வந்ததும் கணக்கு எளிது. ஒரு குறிப்பிட்ட திசையில் குறிப்பிட்ட வேகத்தில் வரும் பந்தை லீக்கிலுள்ள ஷார்ட்ஸ்டாப்புகள் 100க்கு 26 முறை அவுட்டாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் நிகழ்தகவு 0.26. நீங்கள் அதைப் பிடித்து முடித்தால் உங்களுக்கு 1 − 0.26 = +0.74. விட்டுவிட்டால் −0.26. கடினமான பந்தை விட்டால் தண்டனை சிறிது. எளிய பந்தை விட்டால் பெரிது. ஆண்டு முழுவதும் வந்த எல்லாப் பந்துகளுக்கும் இப்படிக் கூட்டினால், சராசரி ஷார்ட்ஸ்டாப்பைவிட நீங்கள் எத்தனை பந்து கூடுதலாக அல்லது குறைவாக முடித்தீர்கள் என்ற ஒற்றை எண் கிடைக்கும். எட்டாத பந்து இப்போது கணக்கில் வந்துவிட்டது.

2006இல் வெளியான டீவனின் நூலில் பில் ஜேம்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஜீட்டரையும், ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் குழுவின் எடம் எவரெட்டையும் அருகருகே வைத்தார். எவரெட் பந்தடிப்பதில் சுமார்; தங்கக் கையுறை ஒருமுறைகூடப் பெறாதவர். எண்களை மட்டும் நம்பாமல் இருவரின் சிறந்த ஆட்டங்களையும் மோசமான ஆட்டங்களையும் காணொளியில் பார்த்தார் ஜேம்ஸ். முடிவு மாறவில்லை. 2005ஆம் ஆண்டில் எவரெட் சராசரிக்கு 30க்கும் மேற்பட்ட பந்துகள் மேலே. ஜீட்டர் 30க்கும் மேற்பட்ட பந்துகள் கீழே. அந்த ஆண்டு விருது ஜீட்டருக்குத்தான் போயிருந்தது.

2008 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் வேறொரு முறையோடு வந்தார்கள். திடலைக் கட்டங்களாகப் பிரிக்காமல், தூரம் கூடக்கூட நிகழ்தகவு எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்று ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வளைகோடு வரைந்தார்கள். 2002 முதல் 2005 வரையிலான பந்துகள். ஷார்ட்ஸ்டாப்புகளின் வரிசையில் ஜீட்டர் அடிமட்டத்தில் இருந்தார். நியூயார்க் நாளிதழ்களுக்குக் கொண்டாட்டம். இன்னொரு வேடிக்கையும் அதில் இருந்தது. அதே ஆய்வில் ஷார்ட்ஸ்டாப்பாக மேல் வரிசையில் இருந்தவர்களில் ஒருவர் அலெக்ஸ் ரோட்ரிகெஸ். 2004இல் யாங்கீஸில் சேர்ந்தபோது ஜீட்டருக்காக இடம் மாறி, மூன்றாம் பேஸுக்குப் போனவர் அவரே.

கண் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

முப்பது பந்துகள் பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். 34 பந்துகள் குறைவு என்றால் ஏறத்தாழ ஐந்து ஆட்டத்துக்கு ஒரு பந்து. தினமும் திடலுக்குப் போய் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால், சராசரி ஷார்ட்ஸ்டாப் பிடித்திருப்பார், ஜீட்டர் பிடிக்கவில்லை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று நடந்திருக்கும். அதுவும் எப்படி? இரண்டாம் பேஸ் பக்கம் போன பந்துக்குப் பாய்ந்து விழுகிறார், கையுறைக்கு அரை மீட்டர் அப்பால் பந்து உருண்டு போகிறது. கூட்டம் என்ன சொல்லும்? ‘அடடா, நல்ல முயற்சி!’ மேலே 0.1 விநாடிக் கணக்கில் வந்த அரை மீட்டர் நினைவிருக்கிறதல்லவா? முன்னதாக அசைந்தவர் அதே பந்தை நின்றவாக்கில் எடுத்து வீசியிருப்பார். அவருக்குக் கைத்தட்டல் கிடையாது; எளிதான பந்தாகத் தெரிந்திருக்கும்.

பூப்பந்து பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தரையில் விழுந்து புரண்டு எடுப்பவர் படம் நாளிதழில் வரும். இறகுப்பந்து விழும் இடத்தில் முன்கூட்டியே நிற்பவர் படம் வருவதில்லை.

ஓக்லண்டில் நடந்த அந்தத் தட்டிவிடலும் மெய்யானதுதான். 2004 ஜூலையில் பாஸ்டனுக்கு எதிராகப் பந்தைப் பிடித்த வேகத்தில் பார்வையாளர் இருக்கைகளுக்குள் தலைகுப்புற விழுந்து முகத்தில் இரத்தத்தோடு எழுந்ததும் மெய்தான். ஆனால் அவை இரண்டு பந்துகள். அவர் வாழ்நாளில் அவர் பக்கம் வந்தவை பல ஆயிரம்.

தங்கக் கையுறைக்கு வாக்களித்தவர்கள் எதிரணிகளின் மேலாளர்களும் பயிற்றுநர்களும். அனுபவசாலிகள்தான், ஆனால் அவர்களும் ஒரு குழுவை ஆண்டில் சில முறையே பார்க்கிறார்கள். அந்த முறையின் பலவீனத்துக்கு 1999ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு முதல் பேஸ் விருதைப் பெற்ற ரஃபேல் பல்மேரோ அந்த இடத்தில் ஆடியது வெறும் 28 ஆட்டங்கள். மற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் பந்தடிக்க மட்டுமே இறங்கினார். 2013 முதல் விருது முடிவில் புள்ளியியல் கணக்குக்கும் சுமார் கால் பங்கு தரப்படுகிறது.

எண்களையும் குறுக்கு விசாரணை செய்வோம்

இதுவரை எண்களின் பக்கமே பேசிவிட்டேன். ஜீட்டருக்காக வாதிடும் வழக்கறிஞர் என்ன கேட்பார்?

பந்தின் வேகத்தைக் காணொளி பார்த்து மனிதர்கள் குறித்தார்கள். அது உண்மையில் அளவீடா, மதிப்பீடா என்று கேட்பார். நியாயமான கேள்வி. பந்து அடிக்கப்படும் முன் ஷார்ட்ஸ்டாப் எங்கே நின்றார் என்பதும் அந்தத் தரவில் சரிவர இல்லை. பயிற்றுநர் தள்ளி நிற்கச் சொன்னதால் எட்டாமல் போயிருக்கலாம். ஓர் ஆண்டின் எண் நிறைய ஆடும். இரண்டு முறைகள் ஒரே ஆண்டுக்கு வெவ்வேறு விடை தருவதும் உண்டு.

இதற்குப் பதில்: அளவீட்டில் தற்செயலான பிழை இருந்தால், அது சில ஆண்டுகளில் ஒருவரை மேலே தள்ளும், சில ஆண்டுகளில் கீழே தள்ளும். ஜீட்டரின் கணக்கு ஏறக்குறைய எல்லா ஆண்டுகளிலும் ஒரே பக்கம் சாய்கிறது. இருபது பருவங்களுக்கும் சேர்த்துப் பரவலாகப் பயன்படும் கணக்குகள் அவரைச் சராசரிக்கு 200 ஓட்டங்களுக்கும் கீழே வைக்கின்றன. தற்செயலால் நாணயம் இத்தனை முறை ஒரே பக்கம் விழாது. ஆனால் எச்சரிக்கை தேவை. பல ஆய்வுகள் ஒரே மாதிரித் தரவைப் பயன்படுத்தினால், அவை ஒத்துப்போவது தனித்தனிச் சாட்சிகள் ஒத்துப்போவதற்குச் சமமாகாது.

எண்கள் நியாயமாகவும் நடந்துகொண்டன என்பதற்கு ஒரு தடயம் உண்டு. 2007 பருவத்துக்குப் பின் யாங்கீஸ் நிர்வாகமே ஜீட்டரிடம் இந்தக் குறையைப் பேசியது. அவர் பக்கவாட்டு அசைவுக்கென்று உடற்பயிற்சியை மாற்றிக்கொண்டார். 2009இல் அவருடைய கணக்கு மேலே வந்தது. 35 வயதில்! அடுத்த ஆண்டு மறுபடி சரிந்தது. பிழைகள் மிகக் குறைந்திருந்த அதே 2010தான் அது. இரண்டு ஆண்டும் விருது கிடைத்தது. 2009இன் விருதைப் பற்றி வாதிடலாம். 2010இன் விருது எட்டாத பந்துகளைப் பார்க்காதவர்கள் தந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் ‘வரலாற்றிலேயே மிக மோசமான தடுப்பாளர்’ என்று சிலர் சொல்வது சரியா? இங்கே எண்களின் ஆதரவாளர்கள்தான் சறுக்குகிறார்கள். அந்த 200 என்பது இருபது ஆண்டுகளின் கூட்டுத்தொகை. அவரைவிட உண்மையிலேயே மோசமான ஷார்ட்ஸ்டாப்பை எந்தக் குழுவும் இருபது ஆண்டு அங்கே நிற்கவிடாது. இரண்டே ஆண்டில் வேறு இடத்துக்கு மாற்றிவிடும். அவருடைய கணக்கு அதோடு நின்றுவிடும். நீண்ட காலம் நிலைத்தவரின் பெயரில்தான் பெரிய தொகை சேரும், கூட்டலானாலும் கழித்தலானாலும். மேலும், ஒப்பிடப்படும் ‘சராசரி’ தெருவில் போகிறவருடைய சராசரியன்று. உலகின் மிகச் சிறந்த சில டஜன் ஷார்ட்ஸ்டாப்புகளின் சராசரி.

பத்து ஓட்டம் ஏறத்தாழ ஒரு வெற்றிக்குச் சமம் என்பது பேஸ்பால் கணக்கர்களின் பொது விதி. 200 ஓட்டத்தை இருபதால் வகுத்தால் ஆண்டுக்கு ஒரு வெற்றி இழப்பு. 3,465 முறை வெற்றிகரமாகப் பந்தடித்தவர் அதைவிடப் பல மடங்கை மட்டையால் திருப்பிக் கொடுத்திருக்கிறார். 2020இல் அவரைப் பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது 397 வாக்குகளில் 396 அவருக்கு விழுந்தன. அந்த வாக்குகளில் எனக்குக் குறையில்லை. குறை கையுறை விருதுகளில் மட்டும்தான்.

2015 முதல் லீக்கின் 30 திடல்களிலும் ஸ்டேட்காஸ்ட் என்ற கருவித் தொகுதி பந்தையும் ஆட்டக்காரர்களையும் தொடர்ந்து அளக்கிறது. ஷார்ட்ஸ்டாப் எங்கே நின்றார், எவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது, எத்தனை விநாடி இருந்தது, எல்லாம் பதிவாகின்றன. வழக்கறிஞரின் கேள்விகளில் பாதிக்கு அதில் விடை உண்டு. ஜீட்டர் ஓய்வு பெற்றது 2014 செப்டம்பரில்.

இந்த வாரப் பயிற்சி

பள்ளி மென்பந்துக் குழுவில் கவினும் ஹாஃபிஸும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி நான்கு பந்துகள் அடிக்கப்படுகின்றன. அவற்றை அவுட்டாக்கும் நிகழ்தகவு முறையே 0.95, 0.80, 0.40, 0.10. கவின் முதல் மூன்றையும் முடித்தான். நான்காவது அவனுக்கு எட்டவில்லை. ஹாஃபிஸ் முதல் பந்தைக் கைநழுவவிட்டான். அது பிழையாகப் பதிவானது. மற்ற மூன்றையும் முடித்தான். நான்காவதைத் தரையில் பாய்ந்து எடுத்தபோது திடலே எழுந்து நின்றது.

முதலில் இருவரின் தடுப்பு விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். பிறகு பந்துக்குப் பந்து கூட்டல் கழித்தல் முறையில் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளும் ஏன் மாறுபடுகின்றன? நான்கு பந்துகளை மட்டும் வைத்துப் பயிற்றுநர் முடிவெடுக்கலாமா? எத்தனை பந்துகள் இருந்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?

அடுத்த முறை திடலுக்குப் போகும்போது ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே ஒரு தடுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, அவர் பிடித்த பந்துகளுக்கு வட்டமும், அவரைத் தாண்டிப் போன பந்துகளுக்குப் பெருக்கல் குறியும், விழுந்த இடத்திலேயே போட்டு வாருங்கள்.